பட்டம் தந்தவர்களிடம் படிப்பைக் கேட்பது: ஒரு மலையக ஆசிரியையின் அனுபவம்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் இலங்கையின் மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயன்களை மூடியது. அதன் பின் பல மாதங்கள் மழை பெய்யும் இரவுகளில் மலையகத்தில் யாரும் நிம்மதியாகக் கண்ணயரவில்லை. எங்கள் தோட்டம் நுவரெலியா மாவட்டத்தில் இருக்கிறது. சில வாரங்கள் கழித்து அதிகாரிகள் சிலர் எங்கள் பாடசாலைக்கு வந்து, எங்கள் பகுதியின் மண்சரிவு அபாய வலய வரைபடத்தை மண்டபத்தின் நடுவே மேசையில் விரித்தார்கள். பெற்றோர் சுற்றி நின்றார்கள். நான் அப்போது பட்டதாரி நியமனத்துக்காகக் காத்திருந்த தொண்டராசிரியை. அதிபர் என்னைப் பார்த்து, "மிஸ் புவியியல் படித்தவர்தானே, நம்ம ஆட்களுக்கு விளக்கிச் சொல்லுங்க" என்றார்.

வரைபடத்தில், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் நெருங்கியும் விலகியும் ஓடின. அவற்றின்மேல் நிறங்கள் பூசப்பட்டிருந்தன. என் மாணவி ஒருத்தியின் தகப்பனார், "நம்ம லயம் இதுல எங்கன இருக்கு மிஸ்? சரிவுக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய மலை அது. எந்த ஓடை எங்கே திரும்புகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் தாளில் அந்த மலையை அடையாளம் காண எனக்குக் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. அதிகாரி ஒருவர் முன்வந்து விரலால் காட்டினார். வீட்டில் இருந்த என் பட்டச் சான்றிதழோடு இணைந்த பெறுபேற்றுத் தாளில், வரைபடவியல் என்ற பாடத்துக்கு நேரே பி பிளஸ் என்று அச்சிடப்பட்டிருந்தது.

அந்த பி பிளஸ் எப்படி வந்தது என்பதை விளக்காமல் மற்றதைச் சொல்ல முடியாது. 2010ஆம் ஆண்டில் எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண் நான். நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணக்கிடப்படுவதால், உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளி அடிப்படையிலான பல்கலைக்கழக அனுமதியில் எங்களுக்கு ஓரளவு இடம் கிடைக்கிறது. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நான் உள்ளே போயிருக்கவே முடியாது. ஆனால் உள்ளே போன பின், வரைபடவியல் பாடத்தில் மூன்றாண்டுகளிலும் மலை, ஓடை, வீதி எல்லாவற்றையும் காட்டும் ஒரு முழு இடவிளக்கப் படத்தை நான் கையில் தொட்டது இரண்டு தடவை மட்டுமே. வகுப்பில் இருநூறு பேர் இருந்தோம். விரிவுரையாளர் குறிப்பைச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். களப்பயணம் என்று கால அட்டவணையில் இருந்தது நடக்கவில்லை. 2012 ஜூலையில் தொடங்கிய பல்கலைக்கழக ஆசிரியர்களின் வேலைநிறுத்தம் ஒக்டோபர் வரை நீண்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் நம்புகிறேன். ஆயினும் வேலைநிறுத்தம் முடிந்து வந்தபோது ஓர் அரையாண்டுப் பாடம் சில வாரங்களுக்குள் நெருக்கி முடிக்கப்பட்டது. இழந்த மணித்தியாலங்களை எப்படி ஈடுசெய்வது என்று எவரும் எங்களிடம் பேசவில்லை. பரீட்சைக்குக் கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் வினாக்களுக்கு விடை மனனம் செய்தோம். எழுதிய விடைத்தாள் எதுவும் எங்கள் கைக்குத் திரும்பி வரவில்லை. எதில் பிழைவிட்டேன் என்று தெரியாமலே சித்தியடைந்தேன்.

என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். கொழுந்து நிறுக்கும்போது தராசின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கணக்குப்பிள்ளை அரைக் கிலோ கூடுதலாகக் கழித்தால் அந்த இடத்திலேயே கேட்பார். பேர் (முழு நாள் சம்பளம்) விழ வேண்டிய நாளில் அரைப்பேர் விழுந்தால் அடுத்த நாள் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரையிடமே கேட்பார். அப்படிப்பட்டவர், நான் விடுமுறைக்கு வந்து, "அம்மா, அங்கே ஒழுங்காகப் படிப்பிப்பதில்லை" என்று சொன்னபோது, "உள்ள விட்டதே பெரிய காரியம். வாயத் திறந்து கெடுத்துக்காத" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அந்த ஓட்டத்துக்கு வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். மூன்று தலைமுறை வாசலில் காத்திருந்த சமூகம், வாசல் திறந்ததும் உள்ளே என்ன தருகிறார்கள் என்று கேட்கத் தயங்கியது. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையை மேசையில் விரித்த வரைபடத்தின் முன் நின்று நான் செலுத்தினேன். பதில் கிடைக்காமல் நின்ற அந்தத் தகப்பனாரும் செலுத்தினார்.

பிறகு நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் நான்கு சனிக்கிழமைகள் போய், 1:50,000 இடவிளக்கப் படம் வாசிக்கக் கற்றேன். நான்கே நாள்! ஒரு பல்கலைக்கழகம் மூன்று வருடத்தில் கற்பிக்காததை அவர் ஒரு பென்சிலையும் நூல் துண்டையும் வைத்துக் கற்பித்தார். அது கற்பிக்க முடியாத அளவுக்குக் கடினமான பாடம் அன்று என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் சக ஆசிரியை ஒருவர் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயின்றவர். இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி செய்யும்போது விரிவுரையாளர்கள் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து தன் கற்பித்தலைக் கவனித்து, குறைகளை எழுதித் தந்ததை அவர் சொல்லுவார். அவருக்குக் கற்பித்தவர்கள் அவர் கற்றாரா என்பதை நேரில் பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பட்டம் தந்தவர்கள் ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை.

2019இல் என் அக்காவின் மகன் அதே பல்கலைக்கழகத்துக்கு, அதே பாடத்துக்குத் தெரிவானான். முதலாம் அரையாண்டு முடிந்து வந்தபோது அவன் கொண்டுவந்த போட்டோகொப்பிக் குறிப்பை வாசித்தேன். பெருந்தோட்டக் குடித்தொகை பற்றிய பக்கத்தில் இலங்கையின் சனத்தொகையில் இந்தியத் தமிழர் 5.5 வீதம் என்று இருந்தது. அது 1981ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பீட்டின் கணக்கு. 2011இல் நான் என் கொப்பியில் எழுதியதும் அதே எண்தான். நான் எழுதிய காலத்தில் அதற்கு ஒரு சாட்டாவது இருந்தது. 2001ஆம் ஆண்டு மதிப்பீட்டை வடக்குக் கிழக்கின் பல பகுதிகளில் நடத்த முடியவில்லை, அதனால் நாடு முழுவதற்குமான எண்ணுக்கு 1981ஐத்தான் நாட வேண்டியிருந்தது. ஆனால் 2012இல் முழு நாட்டுக்கும் மதிப்பீடு நடந்து, அந்த வீதம் ஏறத்தாழ 4 ஆகக் குறைந்திருப்பது வெளியாகி ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் சனத்தைப் பற்றி, எங்கள் பிள்ளைக்கு, எங்கள் வரிப்பணத்தில் கற்பிக்கப்படும் பக்கம் மாறவே இல்லை. "சித்தி, நீங்க படிச்ச நோட்ஸ்தானா இது?" என்று அவன் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. இம்முறை சும்மா இருப்பதில்லை என்று தீர்மானித்தோம்.

முதல் முயற்சி தோற்றது. அது எப்படித் தோற்றது என்பது மற்றவர்களுக்கு உதவும் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். அவனும் நண்பர்கள் ஆறு பேரும் சேர்ந்து, இன்ன விரிவுரையாளர் ஒழுங்காக வருவதில்லை, பழைய குறிப்பையே தருகிறார் என்று ஒரு கடிதம் எழுதி, பெயர் போடாமல் துறைத்தலைவரின் அறைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தார்கள். அடுத்த விரிவுரையில் அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டது. யார் எழுதியது என்று விசாரிக்கப்பட்டது. சிரேஷ்ட மாணவர்கள் வந்து, கம்பஸின் பெயரைக் கெடுக்க வேண்டாம் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். இருவருக்கு ஒப்படைப் புள்ளி குறைந்தது. அது தற்செயலா தண்டனையா என்பதை நிரூபிக்க வழியே இருக்கவில்லை. அந்தக் கடிதத்தில் ஒரு திகதி இல்லை, ஓர் எண் இல்லை, பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியும் இல்லை. ஒரு மனிதரின் மேலான கோபம் மட்டுமே இருந்தது. கோபத்துக்குக் கோபம்தான் பதிலாக வந்தது. கடிதத்தை எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தியவள் நான். மாணவர்களின் புள்ளிகள் யாருடைய கையில் இருக்கின்றன என்பதை யோசிக்காமல் அவர்களை முன்னே தள்ளிவிட்டேன்.

அதன் பிறகு முதலில் படிக்க வேண்டியது நாங்கள்தான் என்று முடிவு செய்தோம். இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்று ஓர் ஆவணம் இருக்கிறது. 2012இல் வெளியாகி 2015இல் திருத்தப்பட்டது. அதில் ஒவ்வொரு பட்டத்துக்கும் எத்தனை திறமைப்புள்ளிகள் வேண்டும், பட்டம் பெறுபவர் எவற்றைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்பவை எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு திறமைப்புள்ளி என்பது மாணவரின் 50 மணித்தியால உழைப்பு. விரிவுரை, செய்முறை, சுயகற்றல், ஒப்படை, பரீட்சை எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்று திறமைப்புள்ளிப் பாடத்துக்கு 150 மணித்தியாலம். இந்த ஒரு கணக்கு எங்கள் கையில் கிடைத்ததும் பேச்சின் தன்மையே மாறியது. அம்மாவின் தராசைப் போல நிறுக்கக்கூடிய ஒன்று எங்களுக்கும் கிடைத்தது.

அவனுக்கு ஒரு தடித்த கொப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் பக்கத்தில், அந்தப் பாடத்தின் முடிவில் மாணவர் என்ன செய்யக்கூடியவராவார் என்று பாடத்திட்டத்தில் உள்ள கற்றற்பேறுகளை அப்படியே எழுதச் சொன்னேன். அடுத்த பக்கத்தில் திகதி, நடக்க வேண்டிய மணித்தியாலம், நடந்த மணித்தியாலம், அன்று மாணவர்கள் தங்கள் கையால் செய்த வேலை ஆகியவற்றுக்கு நான்கு நிரல்கள். ஆளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. நான்காவது நிரல்தான் முக்கியமானது. விரிவுரையாளர் ஒரு நாளும் தவறாமல் வந்தும் மாணவர் ஒன்றும் கற்காமல் போக முடியும். பல வாரங்கள் அந்த நிரல் வெறுமையாகவே கிடந்ததைப் பார்த்த பிறகுதான், விரிவுரையாளரின் வரவைப் பற்றியே நாங்கள் இவ்வளவு நாளும் பேசிக்கொண்டிருந்தது பிழை என்று விளங்கியது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு இணையவழி விரிவுரைகள் தொடங்கின. பல்கலைக்கழக இணையவழிக் கற்றலுக்கு அப்போது தரவுக் கட்டணம் விலக்கப்பட்டிருந்தது. ஆனால் எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. அவன் தேயிலை மலையின் உச்சிக்குக் குடையோடு ஏறிப் போய்க் கேட்டான். கொப்பியைத் தொடர்ந்து எழுதினான். இடையில் வெட்டுப்பட்ட நேரத்தையும் எழுதினான்.

வரைபடவியல் பாடத்துக்கு அந்தக் கொப்பி காட்டிய கணக்கு இது: நேரடிக் கற்பித்தலுக்கு ஒதுக்கப்பட்ட 45 மணித்தியாலங்களில் 27 நடந்தன. "இடவிளக்கப் படத்திலிருந்து குறுக்குவெட்டு முகம் வரைவார்" என்பது பாடத்திட்டத்தில் இருந்த பேறுகளில் ஒன்று; மலையை நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் வடிவத்தை வரைவதுதான் அது. அதை ஒரு தடவையாவது தன் கையால் வரைந்த மாணவர் ஒருவரும் இல்லை. பரீட்சையிலும் வரையச் சொல்லிக் கேட்கவில்லை. சமவுயரக் கோடு என்றால் என்ன என்று விளக்கம் எழுதச் சொன்னார்கள். எல்லோரும் எழுதினார்கள். பெரும்பாலானோர் சித்தியடைந்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர மீளாய்வு அறிக்கைகள் பற்றி அறிந்தோம். அரச பல்கலைக்கழகங்களின் பட்டப் பாடநெறிகளை வேறு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் வந்து மீளாய்வு செய்கிறார்கள். 2015இல் வெளியான அதற்கான கைநூலில் எட்டு அளவுகோல்கள் உள்ளன. கற்பித்தலும் கற்றலும் ஓர் அளவுகோல். மாணவர் மதிப்பீடு இன்னொன்று. முடிவில் ஏ, பி, சி, டி என்று தரம் வழங்கப்படுகிறது. அறிக்கை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் யாரும் வாசிக்கக்கூடியதாக வெளியிடப்படுகிறது. ஆங்கிலத்தில் இருப்பதால் அகராதியோடு இரண்டு வாரம் உட்கார்ந்து வாசித்தேன். வாசிப்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். தர எழுத்தைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம். கடைசிப் பக்கங்களில் உள்ள விதப்புரைகளுக்கு நேரே போங்கள். எங்கள் பாடநெறியின் அறிக்கையில், பாடத்திட்டத்தில் சொல்லப்பட்ட பேறுகள் உண்மையில் மதிப்பிடப்படுகின்றனவா என்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று மீளாய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். நாங்கள் கோபத்தில் சொல்ல முயன்று தோற்றதை, அவர்கள் ஒரு வரியில், யாரையும் புண்படுத்தாமல் எழுதிவிட்டார்கள். அந்த வரியைக் கையில் வைத்திருக்கும் மாணவர் புகார் சொல்பவர் அல்லர். பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட ஒன்று எந்த அளவில் நிற்கிறது என்று விசாரிப்பவர்.

அடுத்தது தகவலறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உயர்கல்வி நிறுவனங்களும் அதற்குள் அடங்குகின்றன. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதன் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். எல்லாவற்றையும் விட எங்களுக்குப் பெரியது, விண்ணப்பிப்பவர் மாணவராக இருக்க வேண்டியதில்லை என்பதுதான். நாட்டின் குடிமகள் என்ற உரிமையில் நான் என் பெயரில் விண்ணப்பித்தேன். பிள்ளைகளின் புள்ளிகளுக்கு அதில் ஆபத்து இல்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பேத்தி நான். அந்தப் படிவத்தில் குடிமகள் என்று எழுதும்போது என் கை சற்று நின்றது.

முதல் விண்ணப்பத்தில் விடைத்தாள்களையும் புள்ளியிடும் திட்டத்தையும் கேட்டுவிட்டேன். பரீட்சை தொடர்பில் இரகசியமாக வைக்க வேண்டிய தகவல்களுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது. அதைக் காட்டி மறுத்தார்கள். மேன்முறையீட்டில் இரண்டு மாதங்கள் போயின. இரண்டாவது விண்ணப்பத்தில் ஒரு தனி ஆளையோ விடைத்தாளையோ தொடாத நான்கு கேள்விகள் மட்டும் கேட்டேன். இந்தப் பாடத்துக்குக் கடந்த மூன்று கல்வியாண்டுகளில் திட்டமிடப்பட்ட மணித்தியாலங்களும் நடந்த மணித்தியாலங்களும் எத்தனை? பாடத்திட்டம் கடைசியாகத் திருத்தப்பட்டு பல்கலைக்கழக மூதவையின் (செனட்) அங்கீகாரம் பெற்ற திகதி எது? மாணவர் பின்னூட்டப் படிவங்கள் சேகரிக்கப்பட்டனவா, அவற்றின் தொகுப்பு அறிக்கை எங்கே? மீளாய்வு அறிக்கையின் விதப்புரைகளுக்கு எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? இவை நான்கும் நிறுவனம் தானாகவே வைத்திருக்க வேண்டிய பதிவுகள். இல்லை என்று பதில் வந்தாலும் அது ஒரு தகவல்தான்.

பதில் வந்தது. பாடத்திட்டம் திருத்தப்பட்ட திகதி நான் மாணவியாகச் சேர்ந்ததற்கும் முந்தியது. பின்னூட்டப் படிவங்கள் சேகரிக்கப்பட்டிருந்தன, தொகுக்கப்படவில்லை. மணித்தியாலக் கணக்குத் திட்டமிட்டதற்கு மட்டும் இருந்தது, நடந்ததற்குப் பதிவு பேணப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் அந்த வரியைப் பல தடவை வாசித்தேன். எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் எத்தனை கிலோ பறித்தார் என்பதற்கு அன்றாடம் பதிவு இருக்கிறது.

அந்தப் பதிலையும் கொப்பியின் தொகுப்பையும் மீளாய்வு விதப்புரையையும் ஒன்றாக இணைத்து, ஒரே பக்கத்தில், பீடச் சபையில் அமரும் மாணவர் பிரதிநிதி மூலம் சமர்ப்பித்தார்கள். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி பீடச் சபையில் மாணவர் தெரிவுசெய்யும் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. ஆனால் மண்டபத்துக்கு மின்விசிறி கேட்பதற்கும் பரீட்சைத் திகதியைப் பின்போடுவதற்கும் மட்டுமே அந்த இடம் பயன்பட்டு வந்தது. கேட்டவை மூன்று: களப்பயணத்தை மீண்டும் தொடங்குதல், இடவிளக்கப் படத்தைக் கையாளும் செய்முறையைத் தொடர் மதிப்பீட்டில் சேர்த்தல், ஒப்படைகளைக் குறிப்புரையுடன் திருப்பித் தருதல்.

துறைத்தலைவர் அவர்களை அழைத்து ஒரு மணித்தியாலம் பேசினார். அந்த உரையாடலைக் கேட்டு வந்த அக்காவின் மகன் அன்றிரவு எனக்குத் தொலைபேசியில் சொன்னவை என் எண்ணத்தையும் திருத்தின. துறையில் நிரப்பப்படாத வெற்றிடங்கள் பல வருடங்களாக இருந்தன. தமிழ் மூலம் வரைபடவியல் கற்பிக்க ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரே வேறு மூன்று பாடங்களும் எடுத்தார். 230 ஒப்படைகளைக் குறிப்புரையோடு திருத்த ஒருவரால் எத்தனை நாளில் முடியும் என்று அவர் கேட்டதற்கு மாணவர்களிடம் பதில் இருக்கவில்லை. ஆய்வுக்கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு தருவது எளிது, ஒரு மாணவரின் தாளில் எழுதிய குறிப்புரையை எவரும் எண்ணுவதில்லை என்றும் அவர் சொன்னாராம். ஆகவே கேள்வி அவரோடு நின்றுவிட முடியாது. ஆளணி அனுமதி, நிதி ஆகியவற்றின் பொறுப்பு பல்கலைக்கழகப் பேரவைக்கும் மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் திறைசேரிக்கும் போகிறது. கணக்காய்வாளர் நாயகம் பல்கலைக்கழகங்களையும் ஆண்டுதோறும் கணக்காய்வு செய்கிறார். அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழு அவற்றை அழைத்து விசாரிக்கிறது. அந்த அறிக்கைகளைப் பெற்றோரும் ஆசிரியர்களும் வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு, நம் வாக்குக் கேட்டு வரும் உறுப்பினரிடம் வீதிக்கும் கூரைத்தகட்டுக்கும் அடுத்ததாக இதையும் கேட்க வேண்டும்.

மூன்று கோரிக்கைகளில் ஒன்றரை நிறைவேறியது. செய்முறை, தொடர் மதிப்பீட்டில் 20 வீதமாகச் சேர்ந்தது. களப்பயணம் ஒரு நாளாகக் குறைக்கப்பட்டு, அதுவும் 2022இல் எரிபொருள் இல்லாமல் நின்று, அடுத்த அணிக்கே கிடைத்தது. குறிப்புரை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக மாதிரி விடைகளை வகுப்பில் கலந்துரையாடும் ஒரு நாள் ஒதுக்கப்பட்டது. அவன் இறுதி வருடத்தில் தன் ஆய்வுக்கு எங்கள் தோட்டத்தின் சரிவையே எடுத்து, படத்தில் லயன்களைக் குறித்து, வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தான். "நம்ம காம்பரா இதுதான் பாட்டி" என்று அம்மாவுக்குக் காட்டினான்.

இந்த முயற்சியில் என்னைக் கவலைப்படுத்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று பேசத் தொடங்கியதும், சித்தி வீதத்தையும் வேலை கிடைத்தோர் வீதத்தையும் வைத்து அளந்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சித்தி வீதத்தை அளந்தால் வினாத்தாள் இலகுவாகும். என் பி பிளஸ் அப்படித்தான் பிறந்தது. வேலை கிடைத்ததை அளந்தால், நாட்டின் பொருளாதாரம் விழுந்த வருடத்துக்கு ஒரு புவியியல் துறையைக் குற்றவாளியாக்குவோம். கலைப்பட்டம் வீண், மூடிவிடலாம் என்பவர்களின் கையில் நம் குறைகள் ஆயுதமாகவும் மாறும். மூடினால் முதலில் வெளியே நிற்பது தோட்டத்துப் பிள்ளைதான், ஏனெனில் எங்கள் உயர்தரப் பாடசாலைகளில் பலவற்றில் கலைப்பிரிவு மட்டுமே இருக்கிறது. நான் கேட்பது ஒன்றே. பாடத்திட்டத்தில் செய்வார் என்று எழுதியதை மாணவர் செய்கிறாரா என்று பாருங்கள், பார்த்ததைப் பதிவுசெய்யுங்கள், கேட்பவருக்குக் காட்டுங்கள். இலவசக் கல்வியை நேசிப்பவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.

இதே கேள்வியை என் வகுப்பறையிலும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது உயர்தர மாணவர்களுக்குச் சமவுயரக் கோட்டைப் படத்தில் தொடங்குவதில்லை. பாடசாலைக்குப் பின்னால் உள்ள சரிவில் ஒரே உயரத்தில் கயிறு பிடித்து நடக்கச் சொல்லி, அதன் பிறகே படத்தை விரிக்கிறேன். தவணை முடிவில் எத்தனை பேர் குறுக்குவெட்டு முகத்தைத் தனியாக வரைந்தார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறேன். கடந்த தவணை 31 பேரில் 19 பேர். அந்த எண்ணைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. சில பெற்றோர் மிச்சப் பன்னிரண்டு பேரில் தம் பிள்ளை இருக்கிறதா என்று கேட்க அருகில் வந்தார்கள். அப்படி அவர்கள் வந்து கேட்டது இதுவே முதல் தடவை.

இந்த வருடம் எங்கள் பாடசாலையிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். அக்கா மகனின் கொப்பியின் முதல் சில பக்கங்களைப் போட்டோகொப்பி எடுத்து இருவருக்கும் கொடுத்தேன். முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கும்படியும், கொப்பியை ஒருவர் தனியாக அல்லாமல் நான்கைந்து பேர் சேர்ந்து எழுதும்படியும், எதையும் பெயரில்லாக் கடிதமாக அனுப்ப வேண்டாம் என்றும், விண்ணப்பம் எழுத வேண்டி வந்தால் என்னிடம் அனுப்பும்படியும் சொன்னேன். நடந்த மணித்தியாலங்களின் பதிவைப் பேணுகிறீர்களா என்று அதே பல்கலைக்கழகத்துக்கு மீண்டும் ஒரு விண்ணப்பம் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். 14 வேலை நாட்கள் அடுத்த வியாழக்கிழமையோடு முடிகின்றன.